பூசணிக்கு அப்பன்

கடையில் வாங்கும் பூசணி விதையில் பெண் பூ மட்டும்தான் பூக்கும். ஆண் பூ விதைக் கம்பெனியின் பசுமைக்குடிலில் மட்டுமே உண்டு. தேனீக்கள் இல்லாமல் போனதால் சின்னமனூர்க் குடிலில் ராக்கம்மாவும் இருபது பெண்களும் விடியற்காலையிலேயே ஆண் பூவின் மகரந்தத்தைப் பிரஷால் எடுத்துப் பெண் பூக்களில் தடவுவார்கள். தடவாத பூ அன்றே வாடிவிடும்.

ஒருமுறை அவள் தலைமுடியில் ஒட்டிவந்த மகரந்தம் வீட்டுப் பூசணிக் கொடியின் பூவில் பட்டு, ஒரு காய் பிடித்துவிட்டது. மேற்பார்வையாளர் ஜெயசீலன் வேனோடு வந்து நின்றார்.

"இதுக்கு அப்பன் எங்க பூ. காய் கம்பெனிக்குத்தான் சொந்தம்."

ராக்கம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வேரு என் மண்ணுல தண்ணி குடிச்சுச்சு. தண்டு அதைக் கூரை வரைக்கும் சொமந்துச்சு. எலை வெயில்ல காஞ்சு சோறாக்குச்சு. உங்க பூ ஒரு சிட்டிகைத் தூளைக் குடுத்துட்டு அப்பன்னு வருதாக்கும்?"

அவர் காயை அறுத்துக்கொண்டார். போகும்போது, "நாளைக்கு எல்லாரும் மொட்டை போட்டுட்டுத்தான் வேலைக்கு வரணும்" என்றார்.

மறுநாள் இருபத்தோரு பெண்களும் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"மொட்டை வேண்டாம்மா, உள்ள வாங்க! பூ மூடிரும்!" என்று ஜெயசீலன் கெஞ்சினார்.

"காய் எங்கய்யா?" என்றாள் ராக்கம்மா.

வெயில் ஏறியது. பத்து மணிக்கெல்லாம் உள்ளே நாலாயிரம் பெண் பூக்களும் வாயை மூடிக்கொண்டன.