எதிர்ச்சாரி பதினைந்தாம் வார்டு

வாசலில் செத்துக்கிடந்த நாயைப் பற்றி நகராட்சிச் செயலியில் புகார் போட்டாள் எஸ்தர். வந்த ஊழியர் அதைக் கயிறு கட்டித் தெருவின் எதிர்ச்சாரிக்கு இழுத்துப் போட்டுவிட்டு, காலியான இடத்தைப் படமெடுத்தார்.

“அங்கிட்டு பதினஞ்சாம் வார்டும்மா. ஒங்க புகார் முடிஞ்சுபோச்சு.”

“நாத்தம் முடியலையேய்யா!”

“போட்டோல நாத்தம் தெரியாதும்மா.”

எதிர்வீட்டுக்காரர் புகார் போட்டார். மறுநாள் நாய் திரும்பி வந்தது. இவள் மறுபடி போட்டாள். ஊதி வெடித்த அந்த வயிறு, புழு உதிர்த்தபடி தினமும் தெருவைக் கடந்தது. செயலியில் எல்லாப் புகாருக்கும் பச்சை டிக். ஐந்தாம் நாள் இழுத்தபோது பின்னங்கால் மட்டும் பிய்ந்து எஸ்தரின் வாசலிலேயே தங்கிவிட்டது. ஊழியர் அதைப் பார்த்தார். பிறகு, கால் படத்தில் விழாதபடி செல்போனைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தவளின் மறுகைச் செல்போனில் குறுஞ்செய்தி மணி அடித்தது: “உங்கள் புகார் முழுமையாகத் தீர்க்கப்பட்டது.”