காற்றுக் கப்பலின் ஒத்திகை

யுத்தம் முடிந்த மறு வருஷம். மாட்டுங்காவில் குமாஸ்தா பஞ்சு ஆறு மாதம் பாடுபட்டு ஒரு சின்னக் காற்றுக் கப்பல் கட்டினான். மனைவி பாகீரதியின் பழைய பட்டுப் புடவைதான் வாயு அடைக்கும் பை. தரையிலிருந்து போகும் உத்தரவை வாங்கிக்கொள்ளும் ரிசீவர், ராணுவ ஏலத்தில் வந்த சரக்கு. கப்பல் சொன்னபடி பறந்து காட்டினால் சோப்புக் கம்பெனியில் விளம்பர உத்தியோகம் நிச்சயம். மறுநாள் காலை பரீட்சை.

அதனால் சரஸ்வதி பூஜை என்றும் பாராமல் மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனான். கையிலிருந்த பெட்டியில் இடது பொத்தானை அழுத்தினால் கப்பல் இடது பக்கம் திரும்பியது. இறங்கச் சொன்னால் காலடியில் வந்து நின்றது. பஞ்சுவுக்குத் தலைகால் புரியவில்லை.

வீடு திரும்பிக் கப்பலை நாற்காலியில் கட்டிவிட்டு, "ஜெயிச்சாச்சுடீ!" என்று கத்தினான்.

"ஏன்னா, அது எப்படி? ரிசீவரைக் காலம்பறயே கழட்டிப் பூஜையில வெச்சுட்டேனே! இன்னிக்கு அதைத் தொடப்படாது."

புத்தக அடுக்கின் மேல், சந்தனம் குங்குமத்தோடு ரிசீவர் இருந்தது. பஞ்சு கப்பலின் அடிப்பெட்டியைத் திறந்தான். காலி. ரிசீவரின் முப்பது தோலா கனம் இல்லாமல் கப்பல் வானத்துக்கே ஓடிப்போயிருக்க வேண்டும்.

"நேக்கு அந்த உத்தியோகமே வேண்டாம். நாளைக்கு வரலேன்னு சொல்லியனுப்பிடறேன்" என்றான், கப்பலை விட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டே.

பொத்தான் பெட்டி ஜன்னலோரம் கிடந்தது. யாரும் தொடவில்லை. காற்றும் இல்லை. கப்பலின் மூக்கு மெதுவாக இடது பக்கம் திரும்பியது. பிறகு வலது பக்கம். மறுபடி இடது பக்கம். கூடாது என்று தலையாட்டுகிறவர்களைப் போல.