பதினொரு நிமிடத் தெரு

வீட்டுத் தரகர் அந்தக் குடியிருப்பை வாய் ஓயாமல் புகழ்வார். முன்பு பழத்தோட்டமாக இருந்த இடம், மூலையில் பூங்கா, எதிரில் மருந்துக்கடை, ரயில் நிலையம் ஏழே நிமிட நடை.

மனைவியோடு நடந்தால் மட்டும் பதினொன்று ஆகும். வாசலுக்கு வாசல் நின்று செடிகளைப் பார்ப்பாள். "காலை எட்டிப் போடேன்" என்று அவர் சலித்துக்கொள்வார்.

அவள் இறந்த பிறகு, தனியாக நடந்தாலும் பதினொன்றுதான் ஆயிற்று. மற்ற தெருக்களில் கணக்குப் பிசகவில்லை.

வீடு பார்க்க வந்த ஒருவர் கேட்டார்: "ஏழுன்னீங்களே சார், ஓட்டமும் நடையுமாத்தானே வந்தோம்?"

"இந்தத் தெரு அப்படித்தாங்க."

விளம்பரத்தில் பதினொன்று என்று திருத்தினார். வேலை இல்லாத நாளிலும் அங்கே நடந்தார்.

இன்று காலை நிலையத்தை அடைந்தபோது ஏழு நிமிடம்தான் ஆகியிருந்தது. கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார், ஓடிக்கொண்டிருந்தது. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் பையை வைத்தார்.

ஒரு பெண் வந்து, "இங்க ஆள் வராங்களா?" என்றாள்.

"வராங்க," என்றார் தரகர், வந்த வழியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் நாலு நிமிஷம்."