காளியாயியின் குதிகால்

“இந்த மெஷின் பொய் சொல்லுது மிஸ்ஸி!”

காளியாயி போட்ட சத்தத்தில், வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் அத்தனையும் எழுந்துவிட்டன.

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அன்று எலும்புப் பரிசோதனை முகாம். சப்பாத்துப் பெட்டி அளவில் ஒரு மெஷின். அதில் குதிகாலை வைத்தால் போதும். பச்சை விளக்கு எரிந்தால் எலும்பு பலம். சிவப்பு என்றால், டவுன் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து இடுப்பையும் முதுகையும் பார்க்கிற பெரிய மெஷினுக்கு அனுப்புவார்கள். அதிலும் பலவீனம் என்று வந்தால் சுமை தூக்காத லேசான வேலை.

காளியாயிக்குப் பச்சை.

“பச்சைன்னா நல்லதுதானே அக்கா?” என்றாள் நர்ஸ் நிஷாந்தி.

“இன்னொருக்கா வச்சுப் பாருங்க. கொழுந்து நிறுக்கிற தராசு மேல சந்தேகம் வந்தா நாங்க என்ன செய்வோம்? அதே சாக்க ரெண்டாந்தடவ போடுவோம். ரெண்டு எடை காட்டுச்சுன்னா அது கள்ளத் தராசு!”

வரிசையில் சிரிப்பு.

“மகாராணிக்கு லேசான வேல வேணுமாம்ல!” என்றாள் நாகலெட்சுமி.

அவள் சொன்னதிலும் தப்பில்லை. ஆறு மாதமாகக் கொழுந்து நிறுக்கக் கடைசி ஆளாக வருகிறவள் காளியாயிதான். மலையில் எந்தப் புதருக்குள் குந்திக் கிடக்கிறாளோ, யார் கண்டது!

நிஷாந்தி அதே காலை மறுபடி வைத்தாள். மஞ்சள்!

கூட்டம் ‘ஹோ’வென்று கத்தியது. மூன்றாவது தடவை மறுபடியும் பச்சை.

“பாத்தீங்களா! பாத்தீங்களா!” காளியாயி ஒற்றைக் காலிலேயே குதித்தாள்.

“பனியில நடந்து வந்த காலு, ஜில்லுன்னு இருக்கு. கொஞ்சம் தள்ளி வச்சாலும் இதுல மாறும் அக்கா. பெரிய மெஷின் இப்பிடி மாறாது.”

“அப்ப அதுலயே பாருங்க!”

சத்தம் கேட்டு டொக்டரே எழுந்து வந்தார். இளவயசுக்காரர், அவருக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது.

“சரி, எது நெசம் சொல்லுதுன்னு பாத்துருவோம். பச்சை வந்தவங்கள்ல ரெண்டு பேர அனுப்புறேன். ஒண்ணு நீங்க. இன்னொரு ஆளு?”

அவர் கேட்டு முடிப்பதற்குள் காளியாயி பக்கத்தில் நின்ற மீனம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். “இவளுக்கும் பச்சைதான்.”

“எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்!” மீனம்மா உதறிப் பார்த்தாள். பிடி விடவில்லை.

அந்த வாரம் முழுக்கத் தோட்டம் இரண்டு கட்சி. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டிலும் மெஷின் பேச்சு, மலையிலும் மெஷின் பேச்சு. கொழுந்து நிறுக்கிற தன் தராசையே நாலு பேர் முன்னால் குறை சொன்ன கோபத்தில் கணக்கப்பிள்ளை பொன்னையா சின்ன மெஷின் கட்சியில் சேர்ந்துகொண்டார்.

இருவரும் டவுனுக்குப் போய்வந்த பிறகு, வெள்ளிக்கிழமை காலைப் பெரட்டுக்கு நிஷாந்தி பெரிய மெஷின் முடிவு இருந்த இரண்டு உறைகளோடு வந்தாள். கூட்டம் மொய்த்தது.

“என்னோடத சத்தமாவே படிங்க மிஸ்ஸி” என்றாள் காளியாயி.

“எலும்பு நல்ல பலம். ஒரு கொறையும் இல்ல.”

கொல்லென்று சிரித்தார்கள். “வேலைக்கள்ளி! மாட்டுனியா?” பொன்னையா கைதட்டியே விட்டார்.

நிஷாந்தி மீனம்மாவை மட்டும் ஓரமாகக் கூட்டிப்போய்ப் பேசினாள். திரும்பி வந்த மீனம்மா நேரே காளியாயியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“முதுகெலும்பு ரொம்ப மோசமாம்டி. இனி சொமையே தூக்கக் கூடாதாம். மருந்து தர்றாங்க. பிள்ளைக்காம்பராவுல வேலையாம். வேலையிலருந்து பேரு வெட்ட மாட்டாங்களாம்!”

கூட்டம் காளியாயி பக்கம் திரும்பியது.

நாகலெட்சுமிதான் கேட்டாள். “மெஷினே பச்சை காட்டுச்சு. இவளும் வாயத் தொறந்து வலின்னு சொன்னதில்ல. ஒனக்கு மட்டும் எப்பிடித் தெரிஞ்சிச்சு?”

“சொன்னா பேர வெட்டிருவாங்கன்னு பயம் அவளுக்கு. எங்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டா.” காளியாயி கொழுந்துச் சாக்கை உதறித் தோளில் போட்டாள். “ஆறு மாசமா அவ சாக்க ரோட்டு வரைக்கும் எறக்கிவிட்டுட்டு, அப்புறந்தானே எஞ்சாக்க எடுக்க மறுபடி மலையேறுறேன்!”