தொப்பி அண்ணனின் விரல்

"ரெண்டு நாள் கண்ணு மூடலம்மா, இந்த ஒரு தொப்பியைப் பின்ன" என்று என் கணவர் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த இரண்டு நாளும் அவர் விட்ட குறட்டைக்கு நான் சாட்சி. பின்னியதும் நான்தான்.

கண்ணாடிக்காரி நெஞ்சில் கைவைத்து உருகினாள். பிறகு அவருடைய விரலைப் படம் எடுத்தாள்.

விரலில் பிளாஸ்திரி. கடை விரிப்பதற்கு முன்னால் தினமும் புதிதாக ஒன்று ஒட்டிக்கொள்வார். காதில் கொக்கி ஊசி, தச்சர் பென்சில் செருகுவது போல. இந்தக் கோலத்தில் யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியதிலிருந்து அவர் 'தொப்பி அண்ணன்' ஆகிவிட்டார்.

கடற்கரையை ஒட்டிய அந்த மரப்பலகை நடைபாதையில் பதினோரு வருஷமாக எங்களுக்கு ஒரு கடை. ஆரம்பத்தில் ஒரு பெரியவர், "நீங்களே பின்னுனதா தம்பி?" என்று கேட்டார். விளக்கம் சொல்லச் சோம்பல்பட்டு இவர் "ஆமாங்க" என்றார். ஆம்பளை பின்னியதென்றால் கூடுதலாக ஒன்று வாங்குகிறார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டார்.

அதற்குப் பிறகு கடையில் நான் ஊசியைத் தொடக் கூடாது. வீட்டில் பின்ன வேண்டும், இங்கே வந்து மடிக்க வேண்டும். யாராவது என்னைப் பற்றிக் கேட்டால், "வீட்டுக்காரி, சும்மா காத்து வாங்க வந்திருக்கா" என்பார்.

நானும் காற்று வாங்குபவள் மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

கண்ணாடிக்காரி தொப்பியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது நகராட்சிப் பெண் அலுவலர் ஒருவர் வந்து நின்றார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கோப்பு.

அந்த நடைபாதையில் தன் கையால் செய்ததை விற்பவருக்குத்தான் இடம். அனுமதி அட்டையிலேயே அச்சடித்திருக்கும். எங்கள் அட்டையில் இருந்தது அவர் பெயர்.

"ஒரு சின்ன வட்டம் பின்னிக் காட்டுங்க, போதும்" என்றார் அலுவலர். "உங்க காதுல இருக்கிற ஊசியிலயே பின்னுங்க."

"விரல்ல காயம் மேடம்."

"பிரிங்க, பாக்கலாம்."

பிளாஸ்திரியைப் பிரிக்க என் கணவர் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். உள்ளே இருந்த விரல் பச்சைக் குழந்தையின் விரல் மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தது. ஒரு கீறல் இல்லை.

"ஆறிடுச்சு போல" என்றார்.

அலுவலர் சிரிக்கவில்லை. நூலுருண்டையை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

பல் துலக்கும் பிரஷைப் பிடிப்பது போல என் கணவர் ஊசியைப் பிடித்தார். நூலை அதன் மேல் மூன்று சுற்றுச் சுற்றினார். சுற்றியதை இழுத்தார். பொதி கட்டுகிறவன் போடுவது மாதிரி ஒரு முடிச்சு விழுந்தது.

அவ்வளவு நேரம் உருகிய கண்ணாடிக்காரி, படம் பிடித்துக்கொண்டிருந்த போனைக் கீழே இறக்கவில்லை. இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று ஓரடி முன்னால் வந்தாள்.

அப்போதுதான் அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கண்ணாலேயே கெஞ்சினார்.

நான் கடலைப் பார்த்தேன். அன்றைக்குக் கடலில் பார்க்கும்படி ஒன்றும் இல்லை.

"அப்ப இதையெல்லாம் யாருதான் பின்றது?" என்று கேட்டார் அலுவலர்.

என் கணவர் தொண்டையைச் செருமினார். பக்கத்துக் கடைக்காரர்கள் கழுத்தை நீட்டினார்கள். மறுபடியும் செருமினார்.

"அவதான்" என்றார்.

ஊசி என் கைக்கு வந்தது. முதலில் அந்த முடிச்சை அவிழ்த்தேன், அதற்குத்தான் நேரமானது. உள்ளங்கை அளவு வட்டம் உடனே வந்துவிட்டது. அலுவலர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் தலையசைத்தார்.

இடம் தப்பித்தது என்று தெரிந்ததும் என் கணவருக்குக் குரல் திரும்பிவிட்டது. "வீட்டுல யாரு பின்னுனா என்ன மேடம், நாங்க ரெண்டு பேரும் ஒண்ணுதானே."

பதினோரு வருஷத்தில் அன்றைக்குத்தான் நாங்கள் ஒன்றானோம்.

அலுவலர் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"அனுமதியை உங்க பேருக்கு மாத்தச் சொல்லி விண்ணப்பம் குடுத்தது நீங்கதானே? கையெழுத்து சரியா இருக்கான்னு பாத்துக்கங்க."

என் கையெழுத்துத்தான். போன செவ்வாய்க்கிழமை, நூல் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்ப் போட்டது. என் பெயரை நானே எழுதிப் பல நாளாகியிருந்ததால் கொஞ்சம் கோணலாக வந்திருந்தது.

அதற்கு முந்தைய நாள் என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே சொல்லியிருந்தார்: "உன் பின்னல் வரவர லூசாகுது. பாத்துப் பின்னு, என் பேரு கெட்டுடும்."

இப்போது அந்தத் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கு" என்றார் அலுவலர். "உதவியாளர் பேருங்கிற கட்டத்தை மட்டும் காலியா விட்டுருக்கீங்க. இவரு பேரை எழுதிக்கட்டுமா?"

என் கணவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இருக்கட்டும் மேடம்" என்றேன். "வேலை தெரிஞ்ச ஆளாக் கிடைக்கட்டும். எழுதிக்கலாம்."