மேசைக்கு அடியில்

“இது என்ன கலர்?”

மிஸ் பச்சைக் கட்டையை மேசைமேல் வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

எதிரே குட்டி நாற்காலியில் இருந்த சிறுமி கட்டையைப் பார்த்தாள். மிஸ்ஸைப் பார்த்தாள். பிறகு ஒரு காலைத் தூக்கி நாற்காலி விளிம்பில் வைத்து, ரொம்ப முக்கியமான வேலை போலக் காலுறையை இழுத்துவிட்டாள்.

“காலைக் கீழ போடு. இங்க பாரு. இந்தப் பாசிமணி எத்தனை?”

சிறுமி மணிகளை ஒரு தரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாசலைப் பார்த்தாள். வழக்கம்போல ஒரு கை மேசைக்கு அடியில் போய், மிஸ்ஸின் முழங்காலை நோண்டியது.

“கை மேல.”

கை மேலே வந்தது. கொஞ்ச நேரத்தில் தானாகவே கீழே போய்விட்டது.

அந்த நர்சரியில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். அநியாயப் பெயர். முற்றத்தில் அவள் போடும் சத்தத்துக்குத் தொட்டி மீன்கள்கூட ஒரு மூலையில் ஒதுங்கிவிடும். இந்த மேசைக்கு வந்தால்தான் வாய்க்குப் பூட்டு. அதுவும் இந்த மிஸ் முன்னால் மட்டும்தான்.

பெரிய பள்ளிக்குப் போகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள். கத்தரிக்கோல் பிடிப்பாளா, தன் பொத்தானைத் தானே போடுவாளா, நிறம் சொல்வாளா, எண்ணுவாளா. வரும் என்றால் டிக், வராது என்றால் பெருக்கல் குறி. கையால் செய்வதில் எல்லாம் இவள் சூரப்புலி. வாயால் சொல்லவேண்டிய பாதிதான் காலி. அங்கே பெருக்கல் விழுந்தால், பெரிய பள்ளியில் முதல் நாளே, பின்தங்கிய பிள்ளைகளுக்கென்று இருக்கும் தனி அறை. அந்த அறைக்குள் போன பிள்ளை அவ்வளவு லேசில் வெளியே வருவதில்லை. நாலு வயதில் தலையெழுத்தை எழுதப் பிரம்மா எதற்கு, ஒரு பேனா போதும்.

இதை நர்சரியின் தலைமை, பெரிய மிஸ்ஸிடம் காலையில்தான் மிஸ் சொல்லிப் பார்த்தாள்.

“வரலைன்னா வரலைன்னு போட்டுட்டுப் போம்மா. நீ என்ன அவளுக்கு வக்கீலா?”

பெரிய மிஸ்ஸுக்கும் இந்த மிஸ்ஸுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஏழாம் பொருத்தம். வேலைக்குச் சேர்ந்த அன்றே, பச்சை அலமாரியில் வைக்கவேண்டிய பிள்ளைகளின் பைகளை இவள் நீல அலமாரியில் அடுக்கிவிட்டாள். எது யாருக்கு என்று ஒரு ஜீவன் சொல்லியிருந்தால்தானே. பெரிய மிஸ் மொத்த வகுப்புக்கு முன்னாலும் கூரை பறக்கக் கத்தினாள்.

“பச்சை எது, நீலம் எதுன்னுகூடத் தெரியாதா உனக்கு? டிகிரி முடிச்சிருக்கியாம், டிகிரி.”

பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

அன்றைக்கு விழுங்கிய பதில் இன்னும் தொண்டையிலேயே கிடக்கிறது. இவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவள்தான். அந்த டிகிரியைக் காற்றிலா பிடித்து வந்தாள்?

இன்று தாள்களைக் கொடுத்தாகவேண்டும். அதனால்தான் மற்ற பிள்ளைகளை முற்றத்துக்கு அனுப்பிவிட்டு, சிறுமியை மட்டும் இருத்திக்கொண்டாள். பொய்யாக டிக் போட்டுத் தள்ளலாம். போட்டால் அங்கே ஒரே நாளில் சாயம் வெளுத்து, பிள்ளைதான் அவமானப்படும்.

குதிகால் செருப்புச் சத்தம் வந்தது. பின்னாலேயே பெரிய மிஸ்ஸும் வந்தாள்.

“என்ன, அம்மணி வாயத் தொறந்தாங்களா?”

சிறுமி கற்சிலையானாள். பெரிய மிஸ்ஸின் போன் அடித்தது. “நான் வர்றதுக்குள்ள முடிச்சு வை” என்று சொல்லிவிட்டுப் பேசிக்கொண்டே வெளியே போனாள்.

மிஸ் பேனாவை எடுத்தாள். நிறம் என்ற வரிக்கு நேரே முனையை வைத்தாள். பெருக்கலின் முதல் கோடு விழுந்தது.

செருப்புச் சத்தம் தேயும்வரை சிறுமி காது கொடுத்துக் கேட்டாள். பிறகு நாற்காலியிலிருந்து வழுக்கி இறங்கி, மேசையைச் சுற்றி வந்து, மிஸ்ஸின் தோளைப் பிடித்து இழுத்தாள். காதில் சூடாக மூச்சு விழுந்தது.

“பச்சை, மிஸ். பெரிய மிஸ் கேட்டா பச்சைன்னு சொல்லிருங்க. திட்ட மாட்டாங்க.”

மிஸ் பேனாவைத் தாளிலிருந்து எடுத்தாள்.

“தினமும் கீழ காட்டுறேன்ல. நீங்க பாக்கவே மாட்டேங்குறீங்க.”

மிஸ் குனிந்து பார்த்தாள்.

இழுத்துவிட்ட காலுறை, பச்சை.

மேசைமேல் கிடந்த மணிகள் மூன்று. அடியில், யார் கண்ணிலும் படாமல், சிறுமியின் இன்னொரு கையில் மூன்று விரல்கள் நீட்டியபடி காத்திருந்தன.

பள்ளியிலும் சரி, கல்லூரியிலும் சரி, மிஸ்ஸுக்கு இதுவரை யாரும் பிட் கொடுத்ததில்லை.

விழுந்த கோட்டை டிக்காக வளைத்தாள். அடுத்த வரியிலும் ஒரு டிக். சிறுமி அதற்குள் ஓடிப்போய்த் தன் நாற்காலியில் ஏறி, ஒன்றும் அறியாத முகத்துடன் உட்கார்ந்துகொண்டாள்.

செருப்புச் சத்தம் திரும்பி வந்து வாசலில் நின்றது.

“என்ன கலராம்?”

மிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“பச்சை.”

மேசைக்கு அடியில் ஒரு சின்னக் கை, அவள் முழங்காலைத் தட்டிக்கொடுத்தது.