பாதி பலம்

என் கணவர் மழைக்காலத்தைத் தாண்டுவது கடினம் என்று மருத்துவர் சொன்ன மறுநாளே, விறகு அறுக்கும் செயின் ரம்பம் வாங்க அவர் என்னையும் கடைக்கு அழைத்துப் போனார். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். எல்லாமே கனம் என்றேன்.

"இத எடுங்கண்ணே, பத்து வருஷம் அசராம உழைக்கும்" என்று கடைக்காரர் ஒன்றைத் தரையில் வைத்தார். "அக்காவே ஸ்டார்ட் பண்ணிரலாம்."

"இழு ஸ்டெல்லா, பாப்போம்."

ரம்பத்தைக் கிளப்பும் கயிற்றைப் பாதி பலத்தில்தான் இழுத்தேன். ரம்பம் முனகி அடங்கியது. இன்னொரு முறையும் அப்படியே இழுத்தேன். அது ஓடிவிட்டால், நான் தனியாகச் சமாளித்துக்கொள்வேன் என்று அவர் நிம்மதியாகிவிடுவார். அந்த நிம்மதியை அவருக்குத் தர எனக்கு மனமில்லை.

"சண்டைன்னா கதவ எப்படி அறைஞ்சு சாத்துவ? அந்தக் கை எங்கடி போச்சு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே முழு பலத்தோடு இழுத்துவிட்டேன். ரம்பம் அலறியது. அவர் முகம் தெளிந்தது. கடைக்காரரிடம் திரும்பி ஏதோ சொன்னார். 'இதையே குடுங்க' என்றுதான் உதடுகள் அசைந்தன. கடைக்காரர் காதைக் காட்டி, கேட்கவில்லை என்று தலையாட்டினார். அணைக்கும்படி இருவரும் எனக்குச் சைகை செய்தார்கள்.

நான் வேக விசையை இன்னும் அழுத்தினேன்.